இரண்டாவது சிலிண்டர் எங்கே போச்சு?

காஞ்சிபுரத்துக்கே நேரில் போய் முகூர்த்தப் பட்டு எடுத்தால்தான் கல்யாணம் களைகட்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மகளுக்குத் தேதி குறித்த மறுவாரமே நான், மனைவி, அவளுடைய அக்கா மூவரும் காரில் கிளம்பிவிட்டோம். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வரை சாதுவாக வந்த கார், சுங்குவார்சத்திரம் நெருங்கும்போது விக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. ஒரு குலுக்கல், ஒரு தயக்கம், பிறகு மறுபடி ஓட்டம். டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது.

"யாரோ காரை நினைச்சுக்கறாங்க போல!" என்றார் மைத்துனி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், இந்த விக்கல் எனக்குப் பழைய பங்காளி. ஐந்து மாதத்தில் மூன்று தடவை சர்வீஸுக்கு விட்டாயிற்று. முதல் தடவை நாலு பிளக்கும் மாற்றினார்கள். இரண்டாம் தடவை இக்னிஷன் காயில். மூன்றாம் தடவை எதையோ கழட்டிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் பில் மட்டும் மிஸ் ஆகாமல் வந்தது. விக்கல் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடும்!

மெக்கானிக்குகள் பாஷையில் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். வண்டி 'மிஸ் அடிக்குது' என்பார்கள். மோட்டார் காருக்கு வந்த முதல் வியாதிகளில் ஒன்று இது. அதற்கு வைத்தியம் பார்த்த முதல் ஆள் யார் தெரியுமா? ஒரு குடும்பத் தலைவி!

1888, ஆகஸ்ட். ஜெர்மனியின் மான்ஹைம் நகரம். கார்ல் பென்ஸ் தன்னுடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஊர் அதை நம்பத் தயாராக இல்லை. அவர் மனைவி பெர்த்தா ஒருநாள் அதிகாலையில், கணவரிடம் மூச்சுவிடாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் ஊருக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம்! வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்தார். அப்புறம் தீப்பொறிக்கு மின்சாரம் கொண்டு போகும் ஒயரின் மேலுறை தேய்ந்து மின்சாரம் கசிந்தது. காலுறையைப் பிடித்து நிறுத்தும் நாடாவைக் கழற்றி ஒயர் மேல் சுற்றினார். வண்டி ஓடியது. சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தக் கதையைப் பெண்ணின் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அம்மாள் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. மாற்றுவதற்குப் பாகமும் கிடையாது, கடையும் கிடையாது! கோளாறு எங்கே என்று *கண்டுபிடித்தார்*. அவ்வளவுதான்.

இன்ஜினுக்குள் நடப்பது ரொம்பச் சிக்கலான விஷயம் இல்லை. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து உள்ளே வர வேண்டும். பிஸ்டன் அதை நன்றாக அமுக்க வேண்டும். சரியான நொடியில் தீப்பொறி விழ வேண்டும். கலவை, அமுக்கம், பொறி. இந்த மூன்றில் ஒன்று கைவிட்டால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பு இல்லை. அதுதான் மிஸ்ஸிங். மூன்றே சந்தேக நபர்கள்! அப்புறம் ஏன் பிடிபடுவதில்லை?

வேகம்தான் காரணம். நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 5,000 வெடிப்பு. சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். நாலரை லட்சம் வெடிப்புகள்! அதில் எங்கோ சில நூறு தவறினால் கார் விக்குகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால், டாக்டரைப் பார்த்ததும் குணமாகிவிடும் வயிற்றுவலி மாதிரி, சமர்த்தாக ஓடுகிறது.

ஆரம்ப காலத்தில் பெரிய தலைவலி பொறிதான். 1903-ல் சென்னை சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு கார் கட்டினார். அது நீராவிக் கார். நீராவிக்குப் பொறி எதற்கு? மிஸ்ஸிங் என்ற பேச்சே இல்லை! பெட்ரோல் கார்தான் கடைசியில் ஜெயித்தது என்றால், அதற்கு ஜெர்மனியில் ராபர்ட் பாஷும் அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்டும் முக்கியக் காரணம். 1902-ல் ஹோனோல்ட், அதிக வோல்ட் மின்சாரத்தைத் தானே உண்டாக்கி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்பும் மாக்னெட்டோவைச் செய்து காட்டினார். சில வருஷங்களில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வந்தார். பேட்டரி, காயில், திறந்து திறந்து மூடும் ஒரு ஜோடி 'பாயிண்ட்'. பேட்டரியின் சொற்ப வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு ஏற்றிப் பொறி தட்டவைக்கும் ஏற்பாடு. உலகத்து கார்கள் 1970கள் வரைக்கும், நம்மூர் கார்கள் அதற்கும் பல வருஷம் பின்னால் வரைக்கும் ஓடியது இந்த மனிதரின் புண்ணியத்தில்தான்.

அம்பாசடர், ஃபியட், வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு... சுதந்திர இந்தியாவின் சாலைகளை ஆண்ட மூவேந்தர்கள்! மூன்றுக்கும் அதே பாயிண்ட்தான். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ பிளக் செய்தது. 1961-ல் சென்னையில் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி பாடியில் மோட்டார் மின்சாதனங்கள் செய்தது. இவற்றை வைத்துக்கொண்டு தெருமுனை மெக்கானிக்குகள் ஒரு தனி வைத்திய சாஸ்திரத்தையே உண்டாக்கினார்கள்.

அறுபது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். வண்டி வந்து நிற்கும். மேஸ்திரி பானெட்டைத் திறக்க மாட்டார். பீடியை அணைத்துவிட்டு, பின்னால் போய் சைலன்சர் பக்கம் நின்று காது கொடுப்பார். சீராக, தாளம் தவறாமல் 'பட்... பட்...' என்று அடித்தால் ஒரே ஒரு சிலிண்டர் குற்றவாளி. தாறுமாறாக அடித்தால் நாலுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. பாயிண்ட், காயில், கார்புரேட்டர், இல்லை பெட்ரோலில் தண்ணீர். இது முதல் கட்ட விசாரணை.

அடுத்தது அடையாள அணிவகுப்பு. இன்ஜின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். ஒரு ஒயரை எடுத்ததும் இன்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நிரபராதி, இத்தனை நேரம் உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எந்த ஒயரை எடுத்தாலும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் ஆள்! வேலை செய்யாதவனை லீவில் அனுப்பினால் ஆபீசுக்கு என்ன நஷ்டம்? (இன்றைய கார்களில் இந்த வேலையைச் செய்துவிடாதீர்கள். இப்போதைய காயில்கள் ஆளைத் தூக்கி அடிக்கும். கம்ப்யூட்டரும் போய்விடும்.)

அப்புறம் பிளக்கைக் கழற்றி ஜோசியம் பார்ப்பார். காபித்தூள் நிறமென்றால் ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாக இருந்தால் பொறியே விழவில்லை. வெள்ளையாக வெளுத்திருந்தால் அதீதச் சூடு. ஒயர் மேல் சந்தேகமா? ராத்திரி வரைக்கும் காத்திருந்து, விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறப்பார்கள். கசியும் ஒயரில் நீலப் பொறி ஊர்வது இருட்டில் தெரியும்! சித்திரை வெயிலில் பெட்ரோல் ஆவியாகி அடைத்தால் பம்ப் மேல் ஈரத்துணி. ஐப்பசி மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் சேர்ந்தால் உலர்ந்த துணி. இரண்டு துணியும் டாக்ஸி டிரைவர் சீட்டுக்கடியில் எப்போதும் இருக்கும்.

ஸ்பேர் பார்ட் விலை அதிகம், கிடைப்பதும் கஷ்டம், மனித உழைப்போ மலிவு. அந்த நிலைமையில் பிறந்த சாஸ்திரம் இது. மாற்றுவதற்கு முன்னால் யோசித்தே தீர வேண்டிய கட்டாயம்.

பிறகு காலம் புரண்டு படுத்தது. 1995 ஏப்ரலில் நாலு பெருநகரங்களில் விற்கும் புதிய கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஈயமில்லாத பெட்ரோலும் வந்தன. 1998 செப்டம்பரில், அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கட்டிய ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. கார்புரேட்டர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்ப்யூட்டர். 1999-ல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்குப் புகை விதிகளைக் கடுமையாக்கியதும் கார்புரேட்டரின் கதை நாடெங்கும் முடிவை நோக்கி நடந்தது. கோயில் நகரத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம் கார் நகரமும் ஆயிற்று. தெருமுனை மேஸ்திரிகளோ பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கம்ப்யூட்டர் வண்டி சார், கம்பெனிக்கே எடுத்துட்டுப் போங்க" என்று மூடினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுவாரஸ்யமான விஷயம். அதற்கு வெடிப்பு தெரியாது. கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் ஒரு பல் சக்கரத்தை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒரு வெடிப்பு தவறினால் சக்கரம் அந்தக் கணத்தில் மயிரிழை அளவு தாமதிக்கும். அந்தத் தாமதம் எந்த சிலிண்டரின் முறையில் வந்தது என்று கணக்குப் போட்டு, எண்ணாகச் சேமிக்கிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர். பி0302 இரண்டாவது. பி0300 என்றால் அங்கங்கே தாறுமாறாக. அமெரிக்காவில் 1996-லிருந்து இது எல்லா கார்களிலும் கட்டாயம். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு இந்த இரண்டாம் தலைமுறை சுயபரிசோதனை 2013 ஏப்ரலில் வந்தது. யோசித்துப் பாருங்கள், சைலன்சர் பக்கம் நின்ற மேஸ்திரியின் காது செய்ததும் இதே கணக்குத்தான்!

விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் சீக்கிரம் காட்டுங்கள் என்று அர்த்தம். சிமிட்டினால் மிதிக்காதீர்கள், வண்டியை ஓரம் கட்டுங்கள் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானை உருக்கிவிடும். அதன் விலையைக் கேட்டால் பட்டுப்புடவை மலிவு என்று தோன்றும்.

ஆகவே, ஓரம் கட்டி, சூடு ஆறவிட்டு, ஆமை வேகத்தில் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தோம். பெண்கள் இருவரையும் காந்தி ரோட்டில் இறக்கிவிட்டுப் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போனேன். தெருவுக்குள் நுழைந்தால் வீட்டு நடையிலிருந்து தறிச் சத்தம். பட்டறையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். உள்ளங்கை அளவு ஸ்கேனர் ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினார்.

"பி சைபர் மூணு சைபர் ரெண்டு. ரெண்டாவது சிலிண்டர் சார்."

"அது எனக்கும் தெரியும்ணே. மூணு தடவையும் அதையேதான் சொன்னாங்க. பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு..."

"மெஷின் எந்த வீடுன்னு சொல்லும் சார். வீட்டுக்குள்ள யாரு தப்பு பண்ணாங்கன்னு சொல்லாது. அதை நாமதான் பாக்கணும்."

பார்த்தார். இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதின் காயிலை இரண்டாவதில். "காயில் தப்புன்னா கோடு மூணுக்குத் தாவணும்" என்றபடி ஒரு ரவுண்டு ஓட்டி வந்தார். தாவவில்லை. அதே இரண்டு. பிளக்கை நாலாவதோடு மாற்றினார். மறுபடி ரவுண்டு. அதே இரண்டு. பொறி நிரபராதி. கம்ப்ரஷன் கேஜை வைத்து நாலு சிலிண்டரையும் அளந்தார். நாலும் ஒரே அளவு. அமுக்கம் நிரபராதி. மிச்சம் கலவை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதற்கு மேல் கை போகவில்லை என்பதைக் கவனித்தேன்.

"எங்க அப்பா தறி நெஞ்சவரு சார்" என்றார் நடுவில். "புடவையில ஒரே அளவு தள்ளித் தள்ளி அதே தப்பு வந்தா, ஜக்கார்டு அட்டையில தப்பு. அங்கொண்ணும் இங்கொண்ணுமா வந்தா இழையில தப்பு. முதல்ல இதைப் பிரிச்சுக்கோடா, அப்புறம் தறியில கை வைன்னுவாரு. இன்ஜினும் அதேதான்."

எனக்குச் சுரீரென்றது. துளை போட்ட அட்டையால் தறியை ஆட்டிவைக்கும் யோசனையை 1800களின் ஆரம்பத்தில் பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் வரலாறு எழுதுகிறவர்கள் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆக, தறிக்காரர் மகனுக்குக் கம்ப்யூட்டர் வண்டி ஒன்றும் அந்நியம் இல்லை!

கடைசியில் ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்தார். ஒரு முனை இன்ஜெக்டர் மேல், மறுமுனை காதில். 'டிக் டிக் டிக்' என்று சீராக அடிக்கிறதாம். இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்தார். இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரை மெல்ல அசைத்தார். முகம் மலர்ந்தது. "நிக்குது சார்... பாருங்க, வருது... நிக்குது!" இன்ஜினும் அதே தாளத்தில் விக்கியது.

ஒயரின் மேலுறை பார்க்கப் புத்தம் புதுசு. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகளில் பெரும்பாலானவை அறுந்து, இரண்டு மூன்று மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. முழுக்க அறுந்திருந்தால் கம்ப்யூட்டர் 'இன்ஜெக்டர் சர்க்யூட்' என்று வேறு நம்பரே கொடுத்திருக்கும். பாதி உயிர் இருந்ததால் அதையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது. சூடு ஏறி, ரோடு குலுக்கும்போது மட்டும் கைவிட்டது. ஆறிய வண்டியைச் சோதித்த சர்வீஸ்காரர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. சாயங்காலத்துக்குள் பத்து வண்டி விட வேண்டும். உழைப்பு விலை ஏறி, பார்ட் சுலபமாகக் கிடைக்கும் காலத்தில், யோசிப்பதைவிட மாற்றுவது மலிவு. அவர்களுக்கு மலிவு, நமக்கு இல்லை!

புது ஒயர் துண்டு, ஈயப் பற்று, மேலே உறை. 400 ரூபாய் கேட்டார். மூன்று சர்வீஸுக்கு 17,000 கொடுத்தவனுக்குக் கூச்சமாக இருந்தது. கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

"பையன் தொழிலுக்கு வர்றானாண்ணே?"

"அவன் ஒரகடத்துல கம்பெனியில இருக்கான் சார். தினம் கம்பெனி பஸ் வருது. நான் தறியை விட்டேன், அவன் ஸ்பேனரை விட்டான்" என்று சிரித்தார். பிள்ளையார்பாளையத்தில் இது பல வீட்டுக் கதை.

எனக்கு ஒரு குறும்புக் கேள்வி தோன்றியது. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இப்போது மின்சாரக் காரும் செய்கிறார்கள். 2025 ஜனவரியில் கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தாயிற்று. அதில் பிளக் இல்லை, இன்ஜெக்டர் இல்லை, பொறி இல்லை, மிஸ்ஸிங்கும் இல்லை. சிம்ப்ஸனின் நீராவிக் கார் மாதிரி! "அப்போ என்ன பண்ணுவீங்க?"

பெர்த்தா அம்மாளை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"அதுலயும் ஒயர் இருக்குமில்ல சார்?"